மண்ணின் வினையுவமம்: தற்காலச் சுடுமட் சிற்பங்களில் இயற்கை வடிவம்

நுண்கலைக் கண்காட்சிகளுக்கென வெளியிடப்பெறும் விளக்க ஏடுகளில் தவறாது இடம்பெறும் தொடர் ஒன்று உண்டு. கலைஞர் இயற்கையிலிருந்து உந்துதல் பெற்றார் என்பது அது. ஓவியத்திற்கும் நெசவுக்கும்கூட இத்தொடர் வழங்கப்படுகிறது எனினும், களிமண்ணை வனைந்து சுட்டு ஆக்கும் செராமிக் சிற்பத்துறையில்தான் இதன் ஆட்சி மிகுதி. விதை, நெற்று, சிப்பி, பவளம், காளான், கறையான் புற்று, நீர் தேய்த்த கல் எனக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தியக் கலைஞர்கள் மண்ணில் ஆக்கிய இயற்கை வடிவங்கள் பலவாகும். அவை அனைத்திற்கும் பொருந்துகிற ஒரு தொடர், அவற்றுள் எதனையும் விளக்காது. ஒரு சிற்பம் நெற்றைப் போன்றிருக்கிறது என்றால், எவ்வகையால் போன்றிருக்கிறது என்று வினவும்போதே திறனாய்வு தொடங்குகிறது. அவ்வினாவைத் தொடுப்பதற்கான கருவி தமிழ் இலக்கண மரபில் உள்ளது என்பதும், அதனைக் கொண்டு நோக்கினால் இத்துறையில் அலங்காரம் எது, கலை எது எனப் பிரித்தறியக் கூடும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் உவமவியல், உவமை தோன்றும் வகைகளை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுக்கிறது. மெய் என்பது வடிவு என்றும், உரு என்பது நிறம் என்றும் உரையாசிரியர்கள் பொருள் கொள்வர். புலி போலப் பாய்ந்தான் என்பது வினை. மழை போல வழங்கினான் என்பது பயன். துடி போன்ற இடை என்பது மெய். பவளம் போன்ற வாய் என்பது உரு. பள்ளி மாணவரும் அறிந்த இப்பாகுபாட்டை இங்கு எடுத்துரைப்பதற்குக் காரணம், இதனைக் கட்புலக் கலைக்குப் பொருத்திப் பார்க்கும் முயற்சி நம்மிடையே அரிதாக இருப்பதேயாகும். செய்யுளுக்கு வகுத்த இலக்கணம் சிற்பத்திற்குச் செல்லுமோ எனின், உவமை என்பது சொல்லின் இயல்பு மட்டுமன்று. இரு பொருள்களுக்கிடையே ஒப்புமை காணும் அறிவின் இயல்பும் ஆகும். செய்யுளில் அவ்வொப்புமையைச் சொல் தாங்குகிறது. சிற்பத்தில் ஊடகம் தாங்குகிறது. ஊடகம் எதுவோ அதற்கேற்ப நான்கனுள் எது வலிமை பெறும் என்பதும் மாறும். மண்ணைப் பொறுத்தவரை வலிமை வினைக்கே உரியது எனலாம்.

முதலில் மெய்யும் உருவும் மட்டும் முழுமை பெற்ற படைப்புகளைக் காண்போம். பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குயவர் பெர்னார் பாலிசி, பாம்பு, பல்லி, மீன் முதலிய உயிர்களின் உடலிலிருந்தே அச்செடுத்துத் தம் தட்டுகளில் பதித்தார். செதில் ஒவ்வொன்றும் உள்ளவாறே அமைந்தது. நிறமும் ஏறத்தாழ அவ்வாறே. வியப்பிற்குரிய கைத்திறன்தான். ஆயினும் அத்தட்டின்முன் நிற்பவர் பாம்பைக் காண்கிறாரேயன்றி மண்ணைக் காண்பதில்லை. மெழுகிலோ வெள்ளீயத்திலோ செய்திருந்தாலும் இதே வியப்புத் தோன்றியிருக்கும். ஊடகம் மாறினாலும் பொருள் மாறாதெனில் அந்த ஊடகம் வெறும் சுமைதாங்கியே. இன்று நகர்ப்புற விற்பனைக் கூடங்களில் அடுக்கி வைக்கப்பெறும் தாமரை விளக்குகளுக்கும் இலைத்தட்டுகளுக்கும் பாலிசியின் கைத்திறன் இல்லை. அவர் குறை மட்டும் உண்டு.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டாகச் சீனக் கலைஞர் ஐ வேய்வேயின் சூரியகாந்தி விதைகளைக் குறிப்பிடலாம். 2010 அக்டோபரில் இலண்டன் டேட் மாடர்ன் காட்சியகத்தின் பெருங்கூடத்தில் அவர் பரப்பிய விதைகள் ஏறத்தாழ 10 கோடி. ஒவ்வொன்றும் பீங்கானால் ஆகி, கையால் வண்ணம் தீட்டப்பெற்றது. சிங்டெசென் என்னும் பழம்பெரும் பீங்கான் நகரின் 1600க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அவற்றைச் செய்தனர். மெய்யாலும் உருவாலும் அவை விதையே. ஆனால் அவற்றின் பொருள் அங்கு இல்லை. முளைக்க இயலாத விதையைக் கோடிக்கணக்கில் செய்யும் கைகளின் உழைப்பில் இருக்கிறது. தொடக்கத்தில் பார்வையாளர் அவற்றின்மீது நடக்க விடப்பட்டனர். சில நாள்களிலேயே பீங்கான் தூசு உடல்நலத்திற்குத் தீங்காகும் என்ற அச்சத்தால் அது தடுக்கப்பட்டது. விதையாகத் தோன்றியது, மிதித்ததும் தான் அரைபடும் கல் என்பதை உணர்த்திவிட்டது. கலைஞர் திட்டமிடாத இந்நிகழ்ச்சி அப்படைப்பிற்கு எழுதப்பட்ட எந்த விளக்கத்தைக் காட்டிலும் தெளிவானது என்பது என் கருத்து.

மண் கல்லிலிருந்து வந்தது என்பது அணியன்று, நிலவியல் உண்மை. இதனைக் கண்ணால் காண ஐதராபாத்தின் மேற்கிலுள்ள கொண்டாப்பூர் தக்க இடம். கொண்ட என்பது தெலுங்கில் மலை. அப்பகுதியின் கருங்கற்பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமை உடையவை என்பர். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வைத்தாற்போலத் தோன்றும் அவ்வுருண்டைக் கற்களை யாரும் ஏற்றி வைக்கவில்லை. வெடிப்புகளின் வழியே இறங்கிய நீர் விளிம்புகளைக் கரைத்துக் கரைத்து உருட்டியது. கருங்கல்லில் உள்ள பெல்ட்சுபார் என்னும் கனிமம் நீராலும் காற்றின் கரியமிலத்தாலும் சிதைந்து காலப்போக்கில் வெண்களிமண்ணாக மாறுகிறது. பாறை உருண்டையாவதும் அதன் தோல் உதிர்ந்து களியாவதும் ஒரே செயலின் இரு பக்கங்கள். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் அடுக்ககங்களுக்கும் இடமளிக்க இந்நகரின் மேற்கில் உடைக்கப்பட்ட பாறைகள் மிகப் பல. எஞ்சியவற்றைக் காக்க 1996 முதல் ஐதராபாத்தில் ஒரு சங்கம் இயங்கி வந்துள்ளது. இதே பெயருடைய மற்றொரு கொண்டாப்பூர் இன்றைய சங்காரெட்டி மாவட்டத்தில் உள்ளது. 1940களின் தொடக்கத்தில் குலாம் யஸ்தானி மேற்கொண்ட அகழாய்வில் சாதவாகனர் காலத்து வெண்களிமண் உருவங்கள் கிடைத்தது அங்குதான். இரு ஊர்களையும் ஒன்றாகக் கொள்ளலாகாது. எனினும் மலையின் பெயர் தாங்கிய ஓரிடத்தில் பாறை களியாவதையும் மற்றோரிடத்தில் களி உருவானதையும் அடுத்தடுத்துக் காணும் வாய்ப்பு ஆய்வாளர்க்குக் கிடைக்கிறது.

புறநானூற்றின் 228ஆம் பாட்டை இந்நிலவியல் அறிவோடு மீண்டும் பயிலுதல் நன்று. கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் குயவனை விளித்து, அவன் புகழுக்கேற்ற தாழியை வனைய நிலத்தையே சக்கரமாகவும் பெருமலையையே மண்ணாகவும் கொள்ள உன்னால் இயலுமோ என்று வினவுகிறார். உயர்வு நவிற்சி என்று கற்பிக்கிறோம், தவறில்லை. ஆனால் மலையே மண்ணாகிறது என்ற செய்தி அவ்வுயர்வு நவிற்சியின் அடியில் உறங்கிக் கிடக்கிறது. பாறை வடிவில் ஒரு செராமிக் சிற்பம் செய்பவர் உவமை செய்கிறாரா என்ற சிக்கலும் இங்கு எழுகிறது. உவமையும் பொருளும் வேறு வேறாய் இருத்தல் வேண்டும். பாறையிலிருந்து வந்த மண்ணை மீண்டும் பாறையாக்குதல் ஒப்புமையாகாது. அதனை மீட்பு எனல் பொருந்தும். உயர்வெப்பத்தில் சுடப்படும் கலங்களின் மேற்பூச்சிலும் அதே பெல்ட்சுபார் பொடி கலக்கப்பெற்று உருகிக் கண்ணாடியாகிறது. நாம் மெருகு என்று எளிதாகச் சொல்வது, பாறை மீண்டும் ஒருமுறை உருகி உறைந்த நிலை.

மண் தானே செய்யும் வினைகள் யாவை என அறிந்தால்தான் வினையுவமம் என்னும் சொல்லை இங்கு ஆள முடியும். களிமண்ணின் நுண்துகள்கள் தகடு போன்றவை; இடையிலுள்ள நீரால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. நீர் வற்றினால் தகடுகள் நெருங்கும், மண் சுருங்கும். ஒருபுறம் விரைந்தும் மறுபுறம் மெதுவாகவும் உலர்ந்தால் வெடிக்கும். கோடையில் ஏரிப்படுகை பாளம் பாளமாக வெடிப்பதும் குயவர் வீட்டு நிழலில் ஒரு பானை விரிசல் விடுவதும் ஒரே வினை. சூளையில் 600 பாகை செல்சியசை எட்டுவதற்குள் துகள்களோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. அதன்பின் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது பழைய களியாகாது. 1200 பாகையைத் தாண்டினால் மண்ணின் ஒரு பகுதி உருகி, ஏனைய பகுதியைப் பற்றிக் கல்லாக இறுகும். ஸ்டோன்வேர் எனப்படுவது இதுவே. ஈரமண் தொடங்கி இந்நிலை வரை பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் உருவம் சிறுக்கிறது. கோவூர் கிழார் புறநானூற்றின் 32ஆம் பாட்டில் நலங்கிள்ளியின் ஆற்றலைக் கூறும்போது, குயவர் சிறுவர் சக்கரத்தில் வைத்த ஈரமண் அவர்கள் கருதியபடி உருக்கொள்வதை ஒப்பிடுகிறார். சக்கரத்தின்மேல் அது மெய். சூளைக்குள் மண் யார் கருத்தையும் கேட்பதில்லை.

தமிழ் நிலத்தில் இவ்வினையைக் கலையாக்கிய முதன்மையான தற்கால நிறுவனம் புதுச்சேரியின் கோல்டன் பிரிட்ஜ் மட்கலக்கூடம். அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கியது. டெபோரா ஸ்மித் ஜப்பானின் பிசென் நகரில் தொழில் பயின்றவர். பிசென் மரபில் கலங்களுக்குப் பூச்சு இல்லை. விறகுச் சூளையில் பறக்கும் சாம்பலும் தீ நாவும் படிந்த தடமே நிறம். உரு என்பது அங்கு தீட்டப்படுவதில்லை. வினையின் எச்சமாக நிற்கிறது. புதுச்சேரியில் முதலில் உருவானவை தேநீர்க் கிண்ணமும் உணவுத் தட்டும்தான். உள்ளூர்த் தமிழ்த் தொழிலாளர்கள் பயிற்சி பெற்று அவற்றை வனைந்தனர். பின்னர் அங்குப் பயின்றவர்கள் தனித்தனிக் கூடங்கள் அமைக்க, புதுச்சேரிக் கலங்கள் என்று ஒரு வகையே பெயர் பெற்றது.

மீக்கர் கட்டடக்கலையும் பயின்றவர். 1985 முதல் பல ஆண்டுகள் அவர் மண்வீட்டை முழுதாகச் சுடும் ஆய்வில் ஈடுபட்டார். பச்சைச் செங்கல்லால் வளைகூரையோடு வீட்டைக் கட்டி, உள்ளே செங்கல்லும் ஓடும் நிரப்பி, வீட்டையே சூளையாக்கி நாள்கணக்கில் எரிப்பது அம்முறை. ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் முயற்சிகள் இதற்கு முன்னோடி. எரிபொருள் தேவையை எண்ணினால் எளியோர்க்கான வீடாக அது பரவாததில் வியப்பில்லை. ஆனால் சிற்பத்திற்கு அது தந்த பாடம் பெரிது. சுடப்படும் பொருளே சுடுகின்ற அடுப்பாகவும் இருப்பது கலத்திற்கும் வீட்டிற்கும் இடையிலிருந்த எல்லையை அழித்தது. அவர் பின்னர் ஆக்கிய பேருருவச் சிற்பங்களில் காணும் துணிவு இங்கிருந்து வந்தது என்று கருத இடமுண்டு.

இக்கூடத்தில் பயின்றவருள் மாத்வி சுப்பிரமணியன் விதை, நெற்று ஆகிய வடிவங்களை நெடுங்காலம் கையாண்டவர். இவ்வடிவத்தைச் சிறிது நின்று நோக்க வேண்டும். நெற்று என்பது மெல்லிய சுவருக்குள் ஒரு வெற்றிடம், பானையும் அவ்வாறே. நெற்று ஈரத்தில் வளர்ந்து, உலர்ந்து, சுருங்கி, முதிர்ச்சியில் வெடிக்கிறது. மண்ணும் அதே வரிசையில் இயங்குகிறது. வெடித்தல் மட்டும் குயவர்க்கு இழப்பு, நெற்றுக்கு நிறைவு. ஆகவே மண்ணில் ஒரு நெற்றைச் செய்பவர், வெடிக்க விரும்பும் ஒன்றை வெடிக்க விடாமல் நிறுத்துகிறார். அவ்விழுவிசை சுவரின் வளைவில் புலப்படுமாயின் அது வினையுவமம். வரிகளையும் முட்களையும் மேலே ஒட்டியதோடு நின்றால் மெய்யுவமம். ஒரே கலைஞரின் இரு படைப்புகளையும் இவ்வளவையால் பிரித்தறியலாம். அவர் ஏனைய ஐவரோடு இணைந்து ஒருங்கமைத்த இந்தியச் செராமிக் முவ்வாண்டுக் காட்சி 2018இல் ஜெய்ப்பூர் ஜவகர் கலா கேந்திராவில் நடந்தது. கலம் என்ற அளவிலிருந்து கூடம் நிறைக்கும் அமைப்பு என்ற அளவிற்கு இத்துறை நகர்ந்துவிட்டதை அக்காட்சி நிறுவியது. அளவு பெருகுவதே ஆழம் என்று கொள்ளும் மயக்கமும் உடன் வந்திருக்கிறது. ஆயிரம் மண்ணிலைகளைத் தரையில் பரப்பினாலும் இலை ஒன்றேயாயின் கருத்தும் ஒன்றே.

பரோடாவின் ஜோத்ஸ்னா பட் இம்மயக்கத்திற்கு மாற்று. 2020இல் மறைந்த அவர், கையடக்கமான பூனைகளையும் ஆந்தைகளையும் மொட்டுகளையும் வாழ்நாள் முழுதும் செய்தார். மயிரும் மீசையும் இன்றி ஒரு மண்திரளின் செறிவே உடலைச் சுருக்கி அமரும் பூனையின் செறிவாகிறது. வினையுவமத்திற்குப் பேருருவம் வேண்டியதில்லை. கே. ஜி. சுப்பிரமணியன் 1971ஆம் ஆண்டு வங்கப் போரை ஒட்டிச் செய்த சுடுமண் புடைப்புகளில் இவ்வினை கொடுமையாகிறது. தகடாகத் தட்டிய மண் கிழிந்தும் பிதுங்கியும் நிற்பது மனிதத் தசை கிழிந்து நிற்பதாகிறது. அங்குத் தசையைப் போல மண்ணைச் செய்யவில்லை. மண்ணைக் கிழித்தார், அதுவே போதுமாயிற்று.

நான்கனுள் எஞ்சியது பயன். தற்காலச் செராமிக் சிற்பம் கைவிட்டது இதனையே. நீர் கொள்ளாத குடம், உண்ணத் தகாத தட்டு எனப் பயனைத் துறந்தாலன்றிக் கலையாகாது என்பது காட்சிக்கூடங்களின் எழுதாச் சட்டம். இச்சட்டத்தைச் சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளின் ஐயனார் புரவிகள் ஏற்பதில்லை. புரவியெடுப்பிற்கு முன் ஊரார் கோயில் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளாரிடம் தருவர். பிடிமண் கொடுத்தல் என்பது அதன் பெயர். அம்மண் கலந்து ஆளுயரத்தை மிஞ்சும் குதிரைகள் எழுகின்றன. அவற்றின் கால்கள் உயிருள்ள குதிரையின் கால்களைப் போலில்லை. தூண்களைப் போல் பருத்திருக்கும். ஈரமண்ணின் எடையைத் தாங்கவும் தீ உள்ளே புகவும் உட்குழிவான உருளைகளாகவே அவை அமைய முடியும். மெய்யால் குறைந்து வினையால் நிமிர்ந்த உருவம் அது. பயனோ ஐயனார் இரவில் ஊர்ந்து ஊரைக் காப்பது. கோயில் வாசலில் நிறுத்தியபின் அது வெயிலிலும் மழையிலும் சிதையும். பழையதைச் செப்பனிடுவதில்லை, பக்கத்தில் புதியது வரும். இதனை உள்ளுறையாகப் படிக்க முயலும் ஆய்வுகளும் எழக்கூடும். கருப்பொருள்களுள் தெய்வம் ஒழிந்தவற்றையே உள்ளுறைக்கு நிலமாகத் தொல்காப்பியம் கூறுவதால் தெய்வத்தின் ஊர்திக்கு அவ்வாசிப்பு பொருந்தாது. அது நேர்த்திக்கடன்; வேறொன்றிற்குக் குறிப்பு ஆகாது.

இங்கு நம் துறையின் பொறுப்பைச் சுட்ட வேண்டியுள்ளது. வேளார் புரவி தமிழ்த்துறைகளில் நாட்டார் வழக்காற்றியலுக்கு உரியதாக ஒதுக்கப்படுகிறது. அங்குச் சடங்கு ஆராயப்படும், உருவம் ஆராயப்படுவதில்லை. புதுச்சேரி ஸ்டோன்வேர் சிற்பமோ ஆங்கிலக் கலை இதழ்களுக்கு உரியதாகிறது. அங்கு உருவம் பேசப்படும், அதனை வனைந்த தமிழ்க் கைகள் பெரும்பாலும் பெயரின்றிப் போகும். இரண்டும் ஒரே நிலப்பகுதியின் மண். புதுச்சேரியை அடுத்த வில்லியனூரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதன் கலைஞர் முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். விருதும் குறியீடும் மதிப்பை அறிவிக்கின்றன; மதிப்பீட்டைச் செய்வதில்லை. ஒரு புரவியின் கழுத்து மற்றொன்றின் கழுத்தைவிட ஏன் சிறந்தது என்று எழுதும் தமிழ் நமக்கு வாய்க்காதவரை, ஒருவர் கலைஞராகவும் மற்றவர் கைவினைஞராகவும் பட்டியலிடப்படுவதை மறுக்கும் உரிமையும் நமக்கு இல்லை. சொற்கள் இல்லாமல் இல்லை. வனைதல், தட்டுதல், இழைத்தல், பதம், சுள்ளை எனக் குயவர் வழக்கில் உள்ள சொற்களைத் தொகுத்தாலே திறனாய்வுக்குரிய கலைச்சொற்களுள் பாதி கிடைத்துவிடும்.

ஆதிச்சநல்லூரில் 2004இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த தாழியோடு ஒன்றை இவ்வகையில் நோக்கலாம். அதில் ஒரு பெண், மான், பறவை, முதலை ஆகிய உருவங்கள் மண்ணால் செய்து ஒட்டப்பெற்றுள்ளன. தொல்லியலாளர் அவற்றின் காலத்தையும் குறிப்பையும் ஆய்ந்தனர். இலக்கியவாணர் திணையும் கருப்பொருளும் கண்டனர். வனைந்தவர் செய்ததை எவரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. ஒட்டும் மண்ணும் ஒட்டப்படும் தாழியும் ஒரே ஈரப்பதத்தில் இருந்தாலன்றி, உலரும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி உருவம் கழன்று விழும். தப்பினாலும் சூளையில் தெறிக்கும். தாழி பெரியது, சுவர் தடித்தது, மெதுவாக உலர்வது. மானின் கால் மெல்லியது, காற்றுப் பட்டவுடன் உலர்வது. அவ்விரண்டையும் ஒரே பதத்தில் நிறுத்த ஈரத்துணியோ வைக்கோலோ ஏதோ ஒன்றால் மூடிக் காத்திருந்த ஒருவரின் பொறுமையால்தான், தாழி உடைந்த பின்னரும் மான் அந்த ஓட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.